பிரசவ வீட்டுக்கு வரும் சுறா

எங்கள் வீட்டில் யாருக்காவது குழந்தை பிறந்தால் முதல் வாரத்திலேயே ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். பெயர் வைப்பதைப் பற்றியோ தொட்டில் போடுவதைப் பற்றியோ அல்ல, பால்சுறா வாங்குவதா வேண்டாமா என்பதைப் பற்றி. அம்மாவும் அக்காவும் ஒரு பக்கம், நான் தனியாக மறுபக்கம். பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து வதக்கும் சுறாப்புட்டைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அது பால் ஊறச் செய்யும் மருந்து. முள் இல்லாததால் சின்னப் பிள்ளைகளுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் பயமில்லாமல் பிசைந்து ஊட்டலாம். பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்ந்து வதங்கும் வாசனையை வைத்தே அந்த வீட்டில் பேறு நடந்திருக்கிறது என்று தெருவே கண்டுகொள்ளும். இந்த வழக்கத்தை மதுரை விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. சில ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். வீட்டில் ஒருவரும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை, நானும் விடுவதாக இல்லை.

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு சுறாவைப் பற்றி என்ன பேச்சு என்று அத்தான் கேட்பார். அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மதுரைக்குச் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேலே தள்ளித்தான் கடல். ஆனால் ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கரையேறும் மீன் கரையிலேயே தின்று தீர்க்கப்படுவதில்லை. ஐஸ் பெட்டிகளில் ஏறி இரவோடு இரவாக மாட்டுத்தாவணிக்கு வருகிறது. விடிவதற்குள் கரிமேட்டுக்கும் நெல்பேட்டைக்கும் தெருத்தெருவாகச் செல்லும் இருசக்கர வண்டிகளுக்கும் பிரிந்துவிடுகிறது. எந்த மீனுக்கு இங்கே நல்ல விலை கிடைக்கிறதோ அதைத் தேடி அங்கே வலை இறங்கும். கடற்கரை ஊர்களைவிடப் பெரிய வயிறு மதுரைக்குத்தான். சுறா, திருக்கை இவற்றின் எதிர்காலத்தில் இந்த ஊர் அடுப்புகளுக்குப் பங்கு உண்டு.

அந்தக் காலை

அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா என்னைக் கரிமேட்டுக்கு அனுப்பினார். அன்று எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. பால்சுறா, நல்லதாக, ஐஸில் பழையதாகாததாக, செவுள் பார்த்து வாங்கி வா என்பது உத்தரவு. சுறா பழசாகிவிட்டால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். அதன் சதையில் இருக்கும் யூரியாதான் அப்படி அம்மோனியாவாக மாறுகிறது. அம்மாவுக்கு வேதியியல் தெரியாது, நெடி தெரியும்.

நாங்கள் வழக்கமாக வாங்கும் மீன்கடைக்கார அக்காவின் பலகையில் சுறாக்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. எல்லாம் பால்சுறாதான் என்றார். சாம்பல் முதுகும் வெளிறிய வயிறுமாக இரண்டடி, இரண்டரை அடி நீளத்தில் பல. அவற்றுக்கு நடுவே முழங்கை அளவுகூட இல்லாத இரண்டு, தலை பக்கவாட்டில் அகன்று சுத்தியல் போல இருந்தன. கொம்பன் சுறாவின் குட்டிகள். இதுவுமா பால்சுறா என்று கேட்டேன். சிறிய சுறா எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள், ருசியில் வித்தியாசம் தெரியாது என்றார். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. மொத்தச் சந்தையில் அந்தப் பெட்டி அந்தப் பெயரிலேயே ஏலம் போகிறது, அவரும் அந்தப் பெயரிலேயே எடுத்து வருகிறார்.

வயிறு கொஞ்சம் பருத்த ஒன்றை எனக்காகத் தேர்ந்தெடுத்தார். எடை போட்டு, சுத்தம் செய்யும் பையனிடம் தள்ளினார். அவன் துடுப்புகளை நறுக்கிவிட்டு, வயிற்றில் கத்தியை ஓட்டினான். குடல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டிகள் வந்தன. சாண் நீளத்தில் நான்கு. கண்கள் திறந்திருந்தன. பெரிய சுறாவில் இருக்கிற ஒவ்வோர் அவயவமும், முதுகுத் துடுப்பின் அந்தச் சாய்வுகூட, சிறிய அளவில் அவற்றில் இருந்தன. ஒவ்வொன்றின் மார்புத் துடுப்புகளுக்கு இடையிலிருந்தும் ஒரு மெல்லிய கொடி புறப்பட்டு, தாயின் வயிற்றுக்குள் சென்று ஒட்டியிருந்தது. பையன் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு இது தினமும் நடப்பது. கொடியோடு சேர்த்து வழித்து ஓரமாகப் போட்டான்.

மீன் என்றால் முட்டை, முட்டை என்றால் சினை என்றுதான் எனக்குத் தெரியும். சினை மீன் குழம்பை விரும்பித் தின்று வளர்ந்தவள் நான். தொப்புள்கொடியை மீனில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அந்த வாரம்தான் மருத்துவமனையில் செவிலியர் ஒருவர், குழந்தையின் தொப்புளில் மாட்டியிருந்த கிளிப்பைக் காட்டி, நீர் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், தானாக எப்போது விழும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா மகள் அதைத் தொடவே பயந்தாள். அதே கொடி இங்கே ஒரு மரப் பலகையில் கிடந்தது. கடைக்கார அக்கா அந்த நான்கு குட்டிகளையும் எடுத்து என் பையில் போட வந்தார். இளசு, பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் நல்லது, இதற்குக் காசு வேண்டாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் கை பையை விரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மீனைக் கொடுத்தேன். சமைத்தார்கள். அக்கா மகள் சாப்பிட்டாள். அன்று யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதன் பிறகுதான் சுறாவைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க அந்தப் பலகையில் கிடந்தது ஒரு மீன் மட்டுமல்ல என்பது புரிந்துகொண்டே வந்தது.

ஓராண்டு சுமக்கும் மீன்

பால்சுறா தன் குட்டிகளை ஏறக்குறைய ஓராண்டு வயிற்றில் சுமக்கிறது. ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து குட்டிகள். சுறாக்களிலேயே சீக்கிரம் வளர்ந்து குட்டி போடுகிற இனம் என்று பெயரெடுத்தது இது. அதற்கே இந்தக் கணக்கு. கொம்பன் சுறாக்கள் ஓர் ஈற்றில் அதைவிடக் கூடுதலாகப் போடும், ஆனால் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். யானைத்திருக்கை என்று ராமநாதபுரம் பக்கம் சொல்கிற பெரிய கொம்புத் திருக்கையோ ஒரு முறைக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை. மத்தி ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டைகளைக் கடலில் கொட்டுகிறது. மத்தியையும் சுறாவையும் ஒரே ஐஸ் பெட்டியில் போட்டு, இரண்டும் மீன்தானே என்கிறோம். பிறப்பைப் பொறுத்தவரை சுறா நமக்கு நெருக்கம், மத்திக்குத் தூரம்.

மேலூர், சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விளைச்சல் முடிந்து கண்மாயில் நீர் வற்றும்வரை ஊரில் ஒருவரும் வலை போட மாட்டார்கள். ஒரு நாள் குறித்து, பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தாவோடும் கச்சாவோடும் இறங்கும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். கண்மாய் அன்று துடைத்து எடுக்கப்படுகிறது. ஆனால் அடுத்த மழைக்கு நீர் வந்து, குஞ்சு வந்து, மறுபடியும் நிரம்பிவிடுகிறது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் பொருந்துகிற இந்தக் கணக்கைத்தான் கடலுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். கண்மாயில் துண்டு வீசுவதற்கு முன்னால் ஓராண்டு பொறுக்கிறார்கள். கடலில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மற்ற நாட்களில் இழுவை மடி அடிமண்ணை வழித்துக்கொண்டு போகிறது. இந்த 61 நாள் பல மீன்களுக்குப் போதும். பருவத்துக்கு வரப் பல ஆண்டுகளும் ஈன ஓராண்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு விலங்குக்கு அது எப்படிப் போதும்?

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. பெருங்கடல்களில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970லிருந்து அரை நூற்றாண்டுக்குள் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் பால்சுறா அந்தப் பட்டியலில் அபாயத்துக்கு ஆளாகக்கூடியது என்ற பிரிவில் இருக்கிறது. நம் கடலில் இருக்கும் கொம்பன் சுறா வகைகளில் இரண்டு, அழிந்துபோவதற்கு முந்தைய கடைசிப் படியில் இருக்கின்றன. உழுவை என்ற திருக்கை வகைகளின் நிலை இன்னும் கொடுமை. உலகம் முழுதும் அந்தக் கூட்டத்தில் எண்ணப்பட்ட 16 இனங்களில் 15 இனங்கள் அந்தக் கடைசிப் படியில். மதுரைச் சந்தையில் உழுவையை நான் பார்த்திருக்கிறேன், வறுவலுக்கு நல்லது என்று துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

சீனத்து சூப்பும் நம் புட்டும்

இதை எடுத்துச் சொன்னால் படித்தவர்கள் உடனே சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. சுறாவை அழிப்பது சீனாக்காரர்களின் துடுப்பு சூப், நம் வீட்டுப் புட்டு என்ன செய்துவிடும் என்பார்கள். பல காலம் உண்மையாக இருந்த பதில்தான். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உயிரோடு இருக்கும் சுறாவைக் கடலில் திரும்ப வீசுகிற கொடுமை உலகத்தை உலுக்கியது. இந்தியா 2013இல், சுறாவைக் கரைக்குக் கொண்டுவந்தால் துடுப்பு உடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று விதி போட்டது. 2015இல் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தது. பல நாடுகளும் இப்படிச் சட்டம் போட்டன. அதனால் சாவு குறைந்ததா? 2024இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு, 2012இல் குறைந்தது 7.6 கோடியாக இருந்த சுறாச் சாவு 2019இல் 8 கோடியாக ஏறியிருக்கிறது என்கிறது. அதில் ஏறக்குறைய 2.5 கோடி, அழியும் நிலையில் இருக்கும் இனங்கள். துடுப்பை அறுத்து வீசுவது குறைந்தது, முழுச் சுறாவும் கரைக்கு வந்தது, வந்த சதைக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களில் நாமும் உண்டு. அதிகம் சுறா பிடிக்கும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நெடுங்காலமாக இருக்கிறது. சீனத்து விருந்து மேசையை நாம் இங்கிருந்து மாற்ற முடியாது. கரிமேட்டுப் பலகையை மாற்ற முடியும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியவில்லை. 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது பிடிக்கவோ விற்கவோ கூடாதவற்றின் வரிசையில், ஏற்றியது. மீனவர்களின் எதிர்ப்பு கிளம்பியது, டிசம்பருக்குள் அது 10 இனங்களாகச் சுருங்கியது. திமிங்கலச் சுறா, வேளா, ஓர் உழுவை, 1979க்குப் பிறகு உறுதியாகப் பதிவாகாத பாண்டிச்சேரிச் சுறா ஆகியவை அதில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பட்டியலை நீட்டியிருக்கிறது. அதே ஆண்டு பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு, அதாவது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் மாநாடு, பால்சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் தலையும் துடுப்பும் போய், தோலும் உரிந்து, துண்டாகிவிட்ட சுறாவை எது எந்த இனம் என்று மதுரைச் சந்தையில் எந்த அதிகாரி வந்து கண்டுபிடிப்பார்? சட்டம் இனத்தின் பெயரைக் கேட்கிறது, சந்தை பால்சுறா என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் விற்கிறது.

வேளாவை நினைத்தால் எனக்கு வருத்தம் கூடுகிறது. ரம்பம் போன்ற நீண்ட மூக்கு உடைய திருக்கை இனம் அது. பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடும் காட்சி வருகிறது. அது வேளாவின் கொம்பாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். கடலில் அஞ்சத்தக்கதும் வணங்கத்தக்கதும் அதுவாக இருந்திருக்கிறது, அதுவும் சினையோடு இருப்பது. இன்று அந்த மீன் வலையில் தென்பட்டாலே செய்தியாகிவிடும் நிலை. சட்டத்தின் முதல் பட்டியலில் இருந்துகொண்டே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மா சொன்னது

இத்தனையையும் ஒரு நாள் அம்மாவிடம் கொட்டினேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "உனக்குப் பால் கொடுக்க நான் சுறாதான் தின்றேன். நீ நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்றார். நான் மருத்துவத்தை எடுத்தேன். அக்கா பேத்தியைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் நான் கேட்டிருந்தேன். பால் சுரப்பது குழந்தை எத்தனை தடவை சப்புகிறது என்பதைப் பொறுத்தது, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டு, அழும்போதெல்லாம் கொடுத்து, தாய் வயிறாரச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துத் தூங்கினால் போதும், சுறாவுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். சிறிய மீனைத் தின்னும் பெரிய மீனின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது. சிறிய சுறாவில் பாதரசம் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு தட்டுப் புட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மருந்து என்று நினைத்து ஊட்டுவது மருந்தல்ல என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

அம்மா அதற்கும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று சொன்னார். அவர் எங்களைப் பெற்ற காலத்தில், வீட்டில் நல்ல மீன் வந்தால் முதலில் ஆண்களுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியில் சட்டியில் ஒட்டிய மசாலாதான் பெண்களுக்கு. பிள்ளை பெற்ற நாட்களில் மட்டும்தான் அப்பத்தாவே முன்னால் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று பரிமாறினாராம். அவருக்காக என்று தனியாகக் காசு கொடுத்து வாங்கிய மீன் வாழ்க்கையில் அந்தச் சுறா ஒன்றுதான். அதை நான் வேண்டாம் என்று சொல்லும்போது அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா பரிந்து பேசியது சுறாவுக்காக இல்லை. ஒரு பெண்ணை உட்காரவைத்து முதலில் ஊட்டுகிற அந்த ஒரே வழக்கத்துக்காக. சூழல் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறோம். தட்டிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்கிறோம், அந்தத் தட்டு யாருக்காக எதற்காக வைக்கப்பட்டது என்று பார்ப்பதில்லை. சுறாவை எடுத்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது. அதே அளவு பரிவோடு, அதே அளவு காசு செலவழித்து, வேறு மீன் அங்கே வர வேண்டும். விரால் இருக்கிறது. நெத்திலி இருக்கிறது. மத்தியும் இருக்கிறது, அதில் இருக்கும் கொழுப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்று மருத்துவரே சொன்னார். உடல் தேறுவதற்கு விரால் என்பது நம் ஊர்ப் பக்கத்துப் பழைய வழக்கமும்கூட. மதுரைக்கு அயிரை போதாதென்று சுறாவுக்கு எதற்குப் போக வேண்டும்?

குஜராத்தில் நடந்த ஒன்றை அம்மாவுக்குச் சொன்னேன். சௌராஷ்டிரக் கடற்கரையில் திமிங்கலச் சுறாக்களைக் கொக்கி போட்டுப் பிடித்து எண்ணெய்க்கும் சதைக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2001இல் சட்டம் தடுத்தது. ஆனால் மீனவர்களின் மனம் மாறியது 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை அங்கே தொடங்கிய இயக்கத்தால்தான். ராமகதை சொல்லும் மொராரி பாபு, அந்தச் சுறா பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வரும் மகளைப் போன்றது, வந்த மகளைக் கொல்வீர்களா என்று ஊர் ஊராகப் பேசினார். அதற்கு வாலி என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். அன்றிலிருந்து நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை அந்த மீனவர்கள் தங்கள் வலையை அறுத்து விடுவித்திருக்கிறார்கள். அம்மா கண்கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "வலையை அறுத்தால் அந்த வலைக்குப் பணம் யார் கொடுத்தது?" என்பது. வனத்துறை இழப்பீடு கொடுத்தது என்றேன். அப்படியென்றால் சரி என்றார். அவர் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

வலைக்குப் பணம்

சுறாவைக் காப்பாற்றும் செலவு முழுதும் மீனவர் தலையில் விழுவதை நான் ஏற்கவில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மக்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்றவர்கள். ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது அடி முதலில் விழுந்தது அவர்கள் மீதும் அவர்களைப் போன்றவர்கள் மீதும்தான். பாக் நீரிணையில் நாட்டுப்படகு வைத்திருப்பவர் வலையில் பால்சுறா விழுவது பெரும்பாலும் அவர் தேடிப் போனதால் அல்ல. வேறு மீனுக்குப் போட்ட வலையில் அதுவும் வருகிறது. டீசல் செலவுக்கு அது ஈடு கொடுக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று மதுரையிலிருந்து சொல்வதற்கு முன், கரையை ஒட்டி இழுவை மடி போடக் கூடாது என்று 1983இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டதே, அதை ஏன் மதிக்கவைக்க முடியவில்லை என்று அரசைக் கேட்க வேண்டும். குட்டிச் சுறாக்கள் வளர்வது கரையோரத்தில்தான். கொம்பன் சுறா ஈனுவதற்கு ஆழம் விட்டுக் கரைக்கு வருகிறது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி வழித்துக்கொண்டு போவது அந்தக் கரையோரத்தைத்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பவளப் பாறையும் கடற்புல்லும் அங்கே மீன் குஞ்சுகளுக்கு ஒதுங்கும் இடம். அதற்கு வெளியே சினைச் சுறாக்கள் கூடும் இடங்களையும் மீனவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த மாதங்களில் மட்டும் அங்கே வலை வேண்டாம் என்று விட்டு, அதற்கு ஈடாகப் பணம் கொடுப்பது நடக்கக்கூடிய காரியம்தான். குஜராத்தில் நடந்திருக்கிறது.

யாரும் வாங்காவிட்டாலும் இழுவை மடியில் சுறா செத்துத்தானே போகும் என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. செவுள்வலையிலும் தூண்டிலிலும் உயிரோடு சிக்குவதைத் திரும்ப விடலாம். விலை இருக்கும்வரை யாரும் விட மாட்டார்கள். அந்த விலையைத் தருகிற கை நம்முடையது. நான் பேசுவது அந்தக் கையைப் பற்றி மட்டும்தான்.

தை மாதத்தில் தம்பி மனைவிக்கு இரண்டாவது பிரசவம், அதன் பிறகு இம்முறை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். மீன் வாங்கும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். அம்மா நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார். விரால் உயிரோடு துள்ள வேண்டும், வளர்ப்பு மீனாக இருக்கக் கூடாது, முதல் பத்து நாளும் தவறக் கூடாது, ஒரு நாள் தவறினாலும் அவரே கரிமேட்டுக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவிடுவார். மேலூர்ப் பக்கம் கண்மாய்க் குத்தகை எடுத்தவர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கடைக்கார அக்காவிடமும் பேசினேன். சுறாவைத்தான் விற்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை, பேறுகால வீட்டுக்காரர்கள் வந்து விரால் கேட்டால் விரால் எடுத்துவருவேன், இப்போது வருகிறவர்கள் எல்லோரும் சுறாவைத்தானே கேட்கிறார்கள் என்றார். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு உணவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் செவிலியர்கள், சுறாவைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டால் அவர் பலகைக்கு வருகிறவர்கள் வேறு மீனைக் கேட்கத் தொடங்குவார்கள். கர்ப்பிணிகள் அங்கே தனியாக வருவதில்லை, அம்மாவோ மாமியாரோ கூட வருகிறார்கள். அவர்களிடமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்ன மீன் வாங்குவது என்று வீட்டில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான்.